போகிற வழியில் ஒரு வால்வு

அவருடைய பட்டறைக்குள் வேறு யாரும் தப்பு செய்துவிட முடியாது. செய்தாலும் அதை வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்வார். "என்ற தப்புங்க" என்பார். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு மரியாதை ஒன்றும் புதிதில்லை. பால்காரரிலிருந்து கலெக்டர் வரை எல்லோருக்கும் 'ங்க' போடுகிற ஊர்தான். ஆனால் அடுத்தவன் செய்த தப்புக்கும் சேர்த்து 'ங்க' போட்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

இருபது வருஷம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத்தில் நின்றவர். பிறகு அதை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் கணபதி பக்கம் தன் வீட்டு வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டு, பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தனி ஆள். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால், "வெச்சா, வேலையில ஏதாச்சும் கெட்டுப்போனா அவங்களைத் திட்டோணுமுங்க. எனக்கு அது வராதுங்க" என்று காரணம் சொல்வார்.

அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று இதை ஆரம்பிக்கவில்லை. அவரிடம் நான் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல அரை நிமிஷம் போதும். இரண்டரை வருஷம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். போன ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவர் அவரிடம் வண்டியை வேலைக்கு விட்டு எடுத்துப் போயிருந்தார். எண்ணெய் டாங்கியின் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். கடைசியில் இன்ஜின் இறுகிப்போய், வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். நான் அப்போது பட்டறையில்தான் இருந்தேன். டாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சீட்டுல எழுதி டாங்கி மேல ஒட்டி உட்டிருக்கோணுமுங்க. என்ற தப்புங்க" என்றார். மண்டிக்காரர் முகம் தெளிந்து போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. மெக்கானிக்கே தப்பை ஒத்துக்கொண்டான் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்ணா, இந்த ஊர்ல மழை பெய்யலைன்னாலும் அதுவும் உங்க தப்புங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவரே நொந்து போயி வந்திருக்காருங்க தம்பி. அதுல நாம வேற எதுக்குங்க?"

வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தார். நான் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது இவர் இரண்டாவது தரம் ரசம் வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு என்ற நாக்கு செத்துப்போச்சாட்டம் இருக்குது. கொஞ்சம் உப்பு எடு அம்மணி" என்றார். அக்கா உடனே புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு தடவை என் வண்டியின் பெட்ரோல் டாங்கி மூடி காணாமல் போய், தான்தான் எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்லி அரை நாள் பட்டறையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். அது என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. நான் எடுத்துக் காட்டினேன். "நான்தான் போட்டிருப்பனுங்க" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இந்த மூன்றையும் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் தப்பை ஏற்றுக்கொண்டால் அது உபசாரம் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அந்த முடிவுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

என் வண்டி இங்கிலாந்தில் செய்தது. என்னைவிட வயதில் மூத்தது. குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சும்மா கிடந்ததை ஆசைப்பட்டு இறக்கிக்கொண்டு வந்தேன். மலையில் இருந்தவரை அதற்கு ஒரு நோயும் இல்லை. கோயமுத்தூர் வெயிலைப் பார்த்ததும் சங்கடம் ஆரம்பித்தது. ஊருக்குத்தான் குளுகுளு என்று பெயர். பங்குனி பிறந்துவிட்டால் சத்தி ரோட்டில் தார் உருகும். அரை மணி ஓட்டினால் போதும், இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பும்.

அந்த மாதிரி வண்டிகளில் எண்ணெய்க்குத் தனியாக ஒரு டாங்கி இருக்கிறது. ஒரு பம்பு அங்கிருந்து எண்ணெயை இன்ஜினுக்கு அனுப்பும். இன்னொரு பம்பு, வேலை முடிந்து சூடாகி அடியில் வடிகிற எண்ணெயை மறுபடி டாங்கிக்கு ஏற்றும். வெயிலில் எண்ணெய் தண்ணீராக இளகிவிடுவதால் இன்ஜினுக்குள் எதன் மேலும் ஒட்டாமல் ஓடிவிடுகிறது. இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார். டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவார். மூன்றுக்குள் கையை எடுத்துவிட்டால் வண்டிக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். அவருடைய தெர்மாமீட்டர் அதுதான்.

அதற்கு அவர் ஒரு வைத்தியம் செய்தார். செம்புக் குழாயை வளைத்து, மெல்லிய தகடுகளை வரிசையாகக் கோத்து, காற்று நேராகப் படுகிற மாதிரி முன்பக்கம் பொருத்தினார். சூடான எண்ணெய் அதற்குள் சுற்றி ஆறிவிட்டு டாங்கிக்குப் போகும். எண்ணெய் திரும்பி வருகிற குழாயில்தான் இதை வைத்தார். போகிற குழாயில் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன்.

"போற வழியில எதையும் வெக்கக்கூடாதுங்க தம்பி. அங்க தடங்கல் வந்துட்டா இஞ்சினு பட்டினிங்க. வர்ற வழியில என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாமுங்க."

பொருத்திய பிறகு கொளுத்துகிற மத்தியானத்தில் சரவணம்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்து கையை வைத்தார். பத்து வரை எண்ணினார். பத்து என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால், இளகின எண்ணெய் டாங்கியிலிருந்து மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். மூன்றாம் நாள் உதைத்தால் புகை, வாசல் டைல்ஸ் முழுக்க எண்ணெய். என் மனைவி மண்ணெண்ணெயும் துணியுமாக வந்து நிற்பாள். போகிற குழாயில் ஒரு வால்வு வைத்து, வண்டியை நிறுத்தும்போது மூடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று போனில் எங்கோ படித்தேன். படித்ததை அவரிடம் போய்ச் சொன்னேன்.

"பார்க்கலாமுங்க" என்றார்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் 'பார்க்கலாமுங்க' என்றால் முடியாது என்று அர்த்தம். மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். நான் இந்த ஊர்க்காரன். எனக்கு அது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டாம் முறை கேட்டேன், அதே பதில். மூன்றாம் முறை, "நெம்ப சங்கடமா இருக்குதுங்ணா, செஞ்சு குடுங்க" என்று வற்புறுத்தினேன். அதற்கு மேல் அவரால் தாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

சுண்டுவிரல் அளவுக்குப் பித்தளையில் ஒரு வால்வு கடைந்தார். பொருத்தும்போது முகம் சுளித்துக்கொண்டேதான் பொருத்தினார். "தொறக்க மறந்தா மூணு நாலு கிலோமீட்டருல இஞ்சினு இறுகிருமுங்க. மறக்கறது மனுச சுபாவமுங்க" என்றார். அதற்கும் ஒரு வழி செய்தார். சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். வால்வை மூடினால் துணியை ஹேண்டில்பாரில் கட்ட வேண்டும். திறந்தால் அவிழ்த்துவிட வேண்டும். துணி இருந்தால் உதைக்கக் கூடாது.

"எப்பவும் துணியக் கட்டிப் போட்டுத்தானுங்க வால்வத் தொடோணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் சித்திரை வெயிலில் சோதனை ஓட்டம் கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் பின்னால். கோவில்பாளையத்தில் ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டு யாரோ தெரிந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வெயிலில் நின்ற வண்டியைப் பார்த்தேன். புது வால்வு பளபளவென்று இருந்தது. என் வால்வு. கேட்டு வாங்கிய வால்வு. நிறுத்தும்போது மூட வேண்டும் என்பதுதானே ஏற்பாடு என்று போய்க் குனிந்து மூடினேன். துணி அவர் சட்டைப்பையில் இருந்தது. வாங்கிக் கட்டலாம் என்று நிமிர்ந்தபோது மில்லில் இருந்து போன் வந்தது. நான் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். திருப்பூருக்குப் போன நூலில் ஏதோ தகராறு. சத்தத்துக்காகப் பேக்கரியின் பக்கவாட்டுச் சந்துக்குள் போய்ப் பேசினேன்.

அவர் கை காட்டினார். "அன்னூர் பக்கமா ஒரு நட போயிட்டு வாரேனுங்க. நீங்க பேசிட்டு இருங்க."

நானும் கையை ஆட்டினேன். அவர் துணி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. உதைத்தார். வழக்கம் போல டாங்கி மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வருகிறதா என்றும் பார்த்தார், வந்தது. அது அடியில் மிச்சம் கிடந்த எண்ணெய். மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பினார். நான் போனில் நூலைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நினைவு வந்தபோது வண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. போனை வெட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவருடைய போன் டீ மேஜையின் மேல் மணியடித்தது.

யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் ஏறிப் போனேன். நாலு கிலோமீட்டர் தாண்டி ரோட்டோரம் கூட்டம் நின்றது. இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோய், வண்டி வழுக்கி விழுந்திருந்தது. அவர் ஒரு புளியமரத்தடியில் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவரே சொன்னார்.

"வால்வு மூடி இருக்குதுங்க தம்பி. டீக்கு நிறுத்தினப்ப நான்தான் மூடியிருப்பேன். மூடினது நெனப்புலயே இல்லீங்க. என்ற தப்புங்க. உங்க வண்டியக் கெடுத்துப் போட்டேன்."

முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. வலி என்று நினைத்தேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். வருகிற ஆட்கள் ஒவ்வொருவரிடமும் அவர், "தொறக்க மறந்துட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாத்துக்குடிப் பையோடு பக்கத்தில் நின்றேன். மண்டிக்காரர்கூட வந்து பார்த்துவிட்டு, "வயசாகுதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போதும் பேசவில்லை.

பேசாததற்கு எனக்கு ஒரு சமாதானம் கிடைத்திருந்தது. இவருக்கு எல்லாம் தெரியும். தன் கையால் மூடவில்லை என்பது தெரியாமல் இருக்குமா? பேக்கரியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அவர் மூடவில்லை என்றால் மூடியது யார் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்றுகிறார், மண்டிக்காரரைக் காப்பாற்றின மாதிரி, ரசத்தைக் காப்பாற்றின மாதிரி. நான் போய் உண்மையைச் சொன்னால் அவருடைய பெருந்தன்மையை அவமதித்த மாதிரி ஆகாதா? இப்படியெல்லாம் அழகாக யோசிக்க எனக்கு வந்தது. கோழைக்கு மூளை நன்றாகத்தான் வேலை செய்யும்.

கட்டுப் பிரித்த பிறகு என் வண்டியை அவரே சரி செய்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வால்வைக் கழற்றி எறிந்தார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டுச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு முதலிலிருந்து மறுபடி முறுக்கிப் பார்த்து இன்னொரு கோடு. மூன்றாம் முறையும். ஒரு வாரத்தில் முடிகிற வேலை ஒன்றரை மாதம் ஆயிற்று. வண்டியைக் கொடுக்கும்போது, "நீங்களும் ஒருக்கா எல்லாத்தையும் பாத்துக்கோங்க தம்பி. நான் பாத்ததை நம்ப வேண்டாமுங்க" என்றார். அதையும் உபசாரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவர் கடைசியாகத் தொட்ட இன்ஜின் அதுதான். பட்டறையை மூடிவிட்டார். மணிக்கட்டு சரியாகவில்லை போலிருக்கிறது என்று நான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பேத்தியைத் தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடுவார். அந்த நேரத்துக்கு யார் வண்டி எடுக்க வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். அதுவும் நின்றுபோய், குழந்தை வேனில் போக ஆரம்பித்தது. கேட்டேன். "டிராபிக் சாஸ்தியாயிருச்சுங்க" என்றார்.

ஒருமுறை பவானியில் ஒரு கல்யாணத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். "ஏனுங்ணா, அன்னிக்குப் பேக்கரியில..." என்று ஆரம்பித்தும் விட்டேன். அவர் கை இலையின் மேல் நின்றது. "அத உட்டுருங்க தம்பி. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றார். தெரிந்துதான் சொல்கிறார், மன்னித்துவிட்டார் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. பாயசம்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். கொட்டகை காலியாக இருந்தது. அக்கா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மனுசன் கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்.

"போனது கஷ்டப்படலீங்க தம்பி. இருந்ததுதானுங்க கஷ்டம்" என்றார் அக்கா. "என்ற மாமனாருக்குக் கடைசியில மறதி வந்துருச்சுங்க. பெத்த பையனையே யாருன்னு கேட்டாரு. இவருக்கு அந்தப் பயம் மனசுல இருந்துட்டே இருந்துதுங்க. அந்த வால்வ மூடுனது நெனப்பு வரலைன்னதும், எனக்கும் ஆரம்பிச்சுருச்சு அம்மணின்னு சொல்லிட்டாரு. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எல்லாம் எடுத்தமுங்க. ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க. இவரு நம்பலீங்க. அன்னிக்கு அத்தன யோசிச்சும் ஒரு துளி நெனப்பு வரலியே, அப்ப அது என்னன்னு என்னையவே கேப்பாருங்க. கேஸ் அடுப்பை அவரே மூடிப்போட்டு வந்து என்னைய மறுபடி பாக்கச் சொல்லுவாரு. பாப்பாவ வண்டியில ஏத்தறதையே உட்டுட்டாருங்க. எங்காச்சும் எறக்கி உட்டுட்டு மறந்துருவேன்னு பயந்தாருங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்சம் சிந்தியது. அக்கா துணி எடுக்க எழுந்தார்.

"உக்காருங்கக்கா" என்றேன். பிறகு சொன்னேன். பேக்கரி, வால்வு, போன், கையை ஆட்டினது, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவரு மறக்கலீங்களா?"

"இல்லீங்கக்கா."

"நெசமாலுமே அவரு மூடவே இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. நான்தானுங்க மூடினேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே பேத்தி வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது.

"அவருகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே தம்பி" என்றார்.